பத்து மணிக்குள் டிராகுலா

எங்கள் தோட்டத்தில் இரவு 10 மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். 1994-இல் மலேசியாவில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா செய்தி பார்த்து எழுந்த பிறகுதான் டிவி எங்கள் கைக்கு வரும். எட்டரையிலிருந்து பத்துக்குள் அண்ணனும் நானும் வீடியோ கேமில் டிராகுலாவின் கோட்டைக்குள் புகுந்து அவனைக் கொன்றாக வேண்டும்.

கூலிம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அண்ணன் 40 வெள்ளிக்கு வாங்கிய பழைய கேம் பெட்டியோடு வந்த கேசட் அது. காசில்வேனியா. 1986-இல் ஜப்பானில் கொனாமி நிறுவனம் இதை டிஸ்க்காக வெளியிட்டபோது விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதி இருந்ததாம். கேசட்டில் அது கிடையாது. தோற்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடரலாம், ஆனால் விளக்கு அணைந்தால் நாளைக்கு வாசற்கதவிலிருந்துதான்.

நாங்கள் ஆட்டுவிக்கும் நாயகன் சைமன் பெல்மாண்ட் குதித்தால் குதித்ததுதான். காற்றில் திசை மாற்ற முடியாது. சாட்டை ஒரு கணம் தாமதித்தே நீளும். அடிபட்டால் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுவான், அங்கே பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. மெழுகுவர்த்தியை அடித்தால் விழும் இதயங்களை உயிர் என்று நினைத்துப் பல வாரம் பொறுக்கினோம். அவை ஆயுதம் வீசுவதற்கான கணக்கு மட்டுமே. உயிர் வேண்டுமென்றால் சில சுவர்களை உடைக்க வேண்டும், உள்ளே கறி இருக்கும். எந்தச் சுவர் என்று அண்ணன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார்.

கடினம்தான், ஆனால் இந்த விளையாட்டு ஏமாற்றுவதில்லை. மெடூசா தலைகள் என்ற பறக்கும் பேய்த்தலைகள் அலை அலையாக ஏறி இறங்கி வரும், அந்த ஏற்ற இறக்கம் ஒருநாளும் மாறாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து "மேலே, கீழே, இப்போ அடிண்ணே" என்று சொல்லுவேன். அவர் அடிப்பார்.

எங்களை நிறுத்தியது காலதேவன் என்ற பெரிய எதிரிக்கு முந்தைய நடைபாதை. கோடாரி எறியும் இரும்புக் கவசக்காரர்கள் முன்னால், மெடூசா தலைகள் இரண்டு பக்கமும். அந்தக் கட்டத்தில் நாலு அடி வாங்கினால் சாவு. தீர்த்தக் குப்பியை வீசினால் காலதேவனை அசையவிடாமல் நிறுத்தலாம் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். ஆனால் செத்தால் குப்பி போய்விடும், வழியில் தெரியாமல் வேறு ஆயுதத்தை எடுத்தாலும் போய்விடும். ஒரு தடவை குப்பியோடு இரண்டாவது கோடாரிக்காரனைத் தாண்டிவிட்டோம். அப்போது திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. இருட்டில் அண்ணன் கேம் கட்டையைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் அவர் வேலைக்குப் போய்விட்டார்.

2019-இல் கொனாமி பழைய விளையாட்டுகள் எட்டைச் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டது. போன மாதம்தான் வாங்கினேன். அதில் எந்த இடத்திலும் சேமிக்கலாம். நான் சேமிக்கவில்லை. அந்த நடைபாதையைக் குப்பி கையில் இருக்க, ஒரே மூச்சில் நடந்து கடக்க வேண்டும், அதுதான் அதன் உயிர். பதினொரு இரவு ஆனது. பன்னிரண்டாம் நாள் காலதேவன் தீர்த்தத்தின் நெருப்பில் நின்ற இடத்திலேயே விழுந்தான். டிராகுலாவுக்கு இன்னும் மூன்று நாள். தலையில் மட்டும்தான் அடி படும், அப்புறம் பெரிய மிருகமாக மாறி மறுபடி வருவான்.

கடைசியில் பெயர்கள் ஓடின, பெரும்பாலும் பழைய பேய்ப்படங்களோடு தொடர்புடையவர்களின் பெயர்களைத் திரித்தவை. இசை என்ற இடத்தில் ஜேம்ஸ் பனானா. இசையமைத்தவர்கள் கினுயோ யமாஷிதா, சதோயே தெராஷிமா என்ற இரண்டு பெண்கள். முதல் கட்டத்து மெட்டை இன்றும் சமைக்கும்போது முணுமுணுக்கிறேன், அவர்கள் பெயர் அங்கே இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

திரையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இப்போது ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். இரவு 1 மணிக்குக் குரல் பதிவு வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.

"தங்கச்சி, அந்த ரெண்டாவது கோடாரிக்காரனுக்கு அப்புறம் என்ன இருந்துச்சு?"