வால்மீனுக்கு 20 நிமிடம்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

கூட்டாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாலை முழுவதும் கணக்குத்தான். சுசின்ஷான்–அட்லஸ் வால்மீன் வரும் 27ஆம் தேதி சூரியனை மிக நெருங்குகிறது, சுமார் 5.8 கோடி கிலோமீட்டர். அந்தச் சூட்டில் உடைந்து சிதறாமல் தப்பித்தால் அதைப் படம் எடுக்க நமக்கு இரண்டு வாய்ப்பு. இந்த மாதக் கடைசியில் விடியற்காலைக் கிழக்கு. அப்புறம் அக்டோபர் 12ஐ ஒட்டி மாலை மேற்கு.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு வானத்தைப் படம் எடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே இரவு வானம் வெளுத்தே கிடக்கிறது என்பது உண்மை. 2016இல் வந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் நாம்தான் முதலிடம். ஆனால் சூரியனை ஒட்டி நிற்கும் வால்மீனை நடுக்காட்டுக்குப் போனாலும் அரையிருட்டில்தான் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எல்லா ஊர் வானமும் வெளுப்புதான். நமக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் சூரியன் இங்கே சரிவாக எழுவதில்லை, நட்டுக்குத்தாக எழுகிறது. வால்மீன் அதற்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். அதே நாளில் ஐரோப்பாவில் அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். என்ன, வெளிச்சமும் மளமளவென்று ஏறிவிடும். காலை 5.55 முதல் 6.15 வரை, 20 நிமிடம். அதற்குள் முடிக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

நாலு மணிக்கு அலாரம். அதற்கு முன்பே இடி எழுப்பிவிட்டது. சுமத்ரா காற்று மழை, மேற்கிலிருந்து வரிசைகட்டி வந்து தீவு முழுவதையும் நனைத்துவிட்டுப் போனது. திரும்பப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

பெடோக் ஜெட்டி. ஐந்தே காலுக்கு நாங்கள் போனபோது தூண்டில்காரர்கள் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தார்கள். கிழக்கே மெலிந்த தேய்பிறை, கீழே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு வரிசை. மேகம் இல்லை. இப்படி ஒரு விடியல் இந்த மாதத்தில் கிடைத்ததே பெரிது.

கேமராவை ஏர்கான் அறையிலிருந்து நேராக எடுத்து வந்துவிட்டேன். கடற்கரை ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. கண்ணாடி தானாகச் சூடேறித் தெளிந்தபோது மணி 6.10. கையில் மிஞ்சியது ஐந்து நிமிடம். ஒரு படத்தில் சாங்கிக்கு இறங்கும் விமானத்தின் ஒளிக்கோடு குறுக்கே. இன்னொன்றில், ஆரஞ்சு நிறம் நீலமாக மாறும் இடத்தில், சுண்ணாம்பு விரலால் தொட்டதுபோல் ஒரு சிறு கீற்று. அதுதான்!

இனிப் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே கேமராவைப் பையோடு வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்துவிட வேண்டும். கூட்டாளி இதைப் போன வாரமே சொன்னான்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. கொலுப்படிக்கு முன்னால் தங்கையின் வயலின், அப்பாவின் ஸ்பானர் பெட்டி, நடுவில் என் கேமரா. லென்ஸ் மூடியில் அம்மா சந்தனம் வைத்து, நாளைவரை யாரும் தொடக்கூடாது என்றார். சரி என்றேன். வால்மீன் இன்று சூரிய வெளிச்சத்துக்குள்தான் இருக்கிறது, இழப்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் இப்படி ஒரு வாரத்தில் கேமரா விளக்கின் முன் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. வால்மீன் பூமிக்கு மிக அருகில் வரும் நாளும் இன்றுதான், சுமார் 7 கோடி கிலோமீட்டர். மாலையில் மழை. முதல் படமாக அம்மாவைக் கொலுவோடு எடுத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பாண்டான் நீர்த்தேக்கம், கரைமேல் நடைபாதை. மூன்று மணிக்கு அடித்த மழை காற்றைக் கழுவிவிட்டிருந்தது. மேற்கே ஜூரோங் பக்கம் ஒரு கை அகலத்துக்கு மேகம், அதற்கு மேலே தெளிவு.

ஏழு மணிக்கு முதலில் வெள்ளி தெரிந்தது. அதை வைத்துத்தான் போகஸ் சரிசெய்தோம். அங்கிருந்து வலப்பக்கமாகக் கையை நீட்டி ஒரு சாண் அளந்தால் வால்மீன். வெறுங்கண்ணுக்குப் பிடிபடவில்லை. 7.20க்குக் கூட்டாளி பைனாகுலரை என் கையில் திணித்து, "பாருடா, பாருடா" என்றான். ஒரு புள்ளி, அதிலிருந்து மேலே லேசாக வலப்பக்கம் சாய்ந்த வால். இருவரும் கொஞ்ச நேரம் கேமராவையே மறந்துவிட்டோம்.

85 மில்லிமீட்டர் லென்ஸ், ஒவ்வொன்றும் ஒரு நொடி, மொத்தம் 64 படம். நீளமாகத் திறந்துவைத்தால் நகர வெளிச்சமும் சேர்ந்து நிரம்பிவிடும், விண்மீன்களும் கோடாக இழுபடும். குறுகிய படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், 64 படத்துக்கு இரைச்சல், அதாவது படத்தில் தூவினாற்போல் தெரியும் புள்ளிகள், எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. வால் மெல்ல மேலே வருகிறது.

அக்டோபர் 16, புதன்

அடுக்கி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததைவிட நீளமாக வால் வந்திருக்கிறது. காலையில் அம்மாவிடம் காட்டினேன். "சாம்பிராணிப் புகை மாதிரி இருக்கே தம்பி" என்றார். பழந்தமிழில் இதற்குப் புகைக்கொடி என்றே ஒரு பெயர் உண்டு என்று சொன்னதும் படத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

நாளை பௌர்ணமி, இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. 20ஆம் தேதி நிலா 9 மணிக்கு மேல்தான் எழும். வால்மீன் அப்போது மங்கியிருக்கும், ஆனால் இன்னும் உயரத்தில் நிற்கும். 135 லென்ஸ் கூட்டாளியிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.