இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள்

2002 ஆகஸ்டில் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மோதிய பைரோன் சிங் ஷெகாவத், சுசில்குமார் ஷிண்டே இருவருமே பழைய சப்-இன்ஸ்பெக்டர்கள். அப்போது நானும் எஸ்.ஐ.தான். "யார் ஜெயிச்சாலும் நம்ம டிபார்ட்மென்ட் ஆளுதான் சார்" என்று சிரித்தார் ஸ்டேஷன் ரைட்டர். ஷெகாவத் 454, ஷிண்டே 305.

ஷெகாவத், ராஜஸ்தானில் சீகர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டு, விவசாயம் பார்த்து, காக்கி மாட்டியவர். 1952-ல் சட்டமன்றத்துக்குப் போய், மூன்று முறை முதல்வரானார். ஷிண்டே சோலாப்பூர் கோர்ட்டில் பியூனாக இருந்து, மகாராஷ்டிர சி.ஐ.டி.யில் எஸ்.ஐ. ஆனவர். 1974-ல் கர்மாலா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார்.

போலீஸ்காரனுக்கு அரசியல் எப்படிப் பிடிபடுகிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் மனு விசாரணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரப்பை வெட்டிவிட்டான் என்று அண்ணன் மனு கொடுப்பார். தம்பியைக் கூப்பிட்டால் சர்வேயரை வரச்சொல் என்பார். இருவரையும் பேசவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "சரி, எப்போதிலிருந்து பேச்சு இல்லை?" என்று கேட்டால், தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போன கதை வெளியே வரும். வரப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

ஷெகாவத் 1977-ல் முதல்வரானதும் கொண்டுவந்த அந்த்யோதயா திட்டத்தை அப்படித்தான் பார்க்கிறேன். ஊருக்கு ஊர் மிக ஏழையான ஐந்து குடும்பங்களை முதலில் கண்டுபிடி, அவர்களுக்குக் கொடு என்பது திட்டம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பீட் (ரோந்து) போகிறவனுக்குத் தெரியும்.

ஷிண்டே கதை வேறு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு மாநிலங்களில் மின்தொகுப்பு சரிந்து, சுமார் 60 கோடிப் பேர் இருட்டில் கிடந்தார்கள். மின்துறை அமைச்சர் அவர்தான். 31-ஆம் தேதியே அவரை உள்துறைக்கு மாற்றினார்கள். எங்கள் டிபார்ட்மென்டாக இருந்தால் ஆயுதப்படைக்குத் தூக்கியிருப்பார்கள்! ஆனால் அந்த நவம்பரில் எரவாடா சிறையில் மும்பைத் தாக்குதல் தீவிரவாதி கசாப்பைத் தூக்கிலிட்டதே முடிந்த பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அதில் எனக்குத் தெரிந்தது பழைய சி.ஐ.டி.காரர்.

பெரிய அதிகாரிகளுக்கு இந்த ருசி கிடைக்காது என்பது என் எண்ணம். அவர்கள் மேஜைக்கு மனு வரும்போது மூன்று வரிக் குறிப்பாகச் சுருங்கியிருக்கும். முழுக் கதையையும் கேட்டவன் எஸ்.ஐ.தான். நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். கிரண் பேடி, 2015-ல் முதல்வர் வேட்பாளராக நின்றும், டெல்லி கிருஷ்ணா நகரில் 2,277 ஓட்டில் தோற்றார்.

இதை அடித்துச் சொல்லவும் முடியவில்லை. மும்பை கமிஷனராக இருந்த சத்யபால் சிங், வேலையை விட்ட சில மாதங்களிலேயே, 2014-ல் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்தில், முன்னாள் பிரதமர் சரண் சிங்கின் மகன் அஜித் சிங்கையே தோற்கடித்தார். அதே தேர்தலில்தான் சோலாப்பூரில் ஷிண்டே தோற்றார்.