ஐ லிவ்ட் இன் கும்பகோணம்

ஆசிரியை பலகையில் எழுதிய ஒரு வரி சுருக்கென்று தைத்தது. 'ஐ லிவ்ட் இன் கும்பகோணம்.' அதன் கீழேயே இன்னொன்று: 'ஐ ஹேவ் லிவ்ட் இன் கனடா சின்ஸ் 2023.' முதலாவது முடிந்துபோனதாம். இரண்டாவது இன்னும் தொடர்கிறதாம். பிறந்து வளர்ந்த ஊர் முடிந்துவிட்டது, நேற்று வந்து இறங்கிய ஸ்கார்பரோ தொடர்கிறது! இலக்கணப்படி சரிதான். மனசுதான் ஆறவில்லை.

மற்றபடி புதிதாக வந்தவர்களுக்கான இந்த இலவச ஆங்கில வகுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளியில் கோ, வென்ட், கான் என்று ராகம் போட்டு ஒப்பித்ததோடு சரி. இறந்தகாலத்துக்கு 'எட்' என்று எழுதினாலும் எல்லா வினையிலும் அது முழுசாக ஒலிக்காது என்பது இங்கேதான் புரிந்தது. வாக்ட், ப்ளேட் என்று ஒட்டிக்கொண்டு போய்விடும்; வான்ட், நீட் போல முடிகிற வினைகளில்தான் வான்டெட், நீடெட் என்று தனியாகக் கேட்கும். 'ரீட்' எழுத்தே மாறாமல் 'ரெட்' ஆகிவிடுகிறது. ஈரானியத் தாத்தா ஒருவர் 'கோ'வுக்கும் எட் சேர்த்துச் சொன்னார். ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் சொல்லும் என்றார் ஆசிரியை. தாத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த 'ஹேவ்'வோடு மட்டும்தான் எனக்கு வழக்கு. நம்மிடம் எந்த ஊர் என்று கேட்டால் கும்பகோணம் என்போம், அவ்வளவுதான். அதில் வினையும் இல்லை, காலமும் இல்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். 'ஐ ஆம் ஃப்ரம் கும்பகோணம்' என்று சொல்லுங்கள், எத்தனை வருஷம் போனாலும் அது நிகழ்காலம்தான் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது. கொட்டும் பனியிலும் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆனால் இறந்தகாலத்தில் பத்து வரி எழுதிவரச் சொன்னால், பேனா நேராக எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறது. பித்தளை டபராவில் நுரை ததும்ப டிகிரி காபி. அம்மா இன்றைக்கும் அதே டபராவில்தான் ஆற்றுகிறாள். எனக்கு மட்டும் 'ஐ ட்ராங்க்' என்று எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த பாடம் எதிர்காலம். 2016-க்கு அப்புறம் மகாமகம் 2028-இல் வருகிறது. என் முதல் வாக்கியத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன், லீவும் கேட்கப் போகிறேன்.