பன்னிரண்டு நாள் மாத்திரை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவரின் கட்டிலருகே சென்றதும் என் கை முதலில் அவருடைய கெண்டைக்காலுக்குத்தான் போகும். மதுரையில் எலும்பு மூட்டு வார்டில் செவிலியராக இருந்த காலத்தில் படிந்துவிட்ட பழக்கம் அது. அறுவை செய்த கால் சற்று வீங்கத்தான் செய்யும் என்பதால், இரண்டு கால்களையும் தினமும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைப்போம். வேறுபாடு 3 செ.மீ.க்கு மேல் போனாலோ, கெண்டைச் சதை இறுகி வலித்தாலோ, காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம் என்று மருத்துவருக்கு உடனே தகவல் போகும்.

ரத்த ஓட்டம் தேங்குதல், ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுதல், ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வருதல் என்று, அப்படிக் கட்டி உண்டாவதற்கு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களை நர்சிங் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். தொடையில் இறுக்குப் பட்டை கட்டி, காலை மடக்கித் திருப்பி, எலும்பை அறுத்துச் செய்யும் இந்தச் சிகிச்சையில் மூன்றும் ஒரே நாளில் ஒரே காலில் சேர்ந்துவிடுகின்றன. தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வருவதற்கு முன், சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காலில் ரத்தக்கட்டி இருந்திருக்கிறது. பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாதவை. அவற்றில் ஒன்று பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

"புதுசா வச்ச மூட்டு, அசைக்கவே கூடாது" என்று உறவினர்கள் அன்போடு தடுப்பதுதான் வார்டில் எங்களுக்குப் பெரிய தடையாக இருந்தது. முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு நீங்கியதுமே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வோம். கெண்டைச் சதை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் சிரைகளில் தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. வாக்கரைப் பிடித்து அன்றோ மறுநாளோ நடக்க வைப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் என் கவனக்குறைவால் ஒரு தவறு நேர்ந்தது. அறுபது வயது கடந்த ஓர் அம்மா நான்காம் நாள் நன்றாக நடந்து வீட்டுக்குப் போனார். பத்தாம் நாள் கெண்டைக்கால் வீங்கித் திரும்பி வந்தார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் முழங்காலின் பின்புறச் சிரையில் கட்டி தெரிந்தது. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தது ரிவரோக்சபான் 10 மி.கி., தினம் ஒன்று. இடுப்பு மூட்டுக்கு 35 நாள், முழங்காலுக்கு 12 நாள் என்பது அதன் கணக்கு. "வலிதான் குறைஞ்சிருச்சே சிஸ்டர், அதான் ஆறாம் நாளே நிறுத்திட்டோம்" என்றார் மகன். அவர் மீது குற்றமில்லை. தினம் ஒன்று கொடுங்கள் என்று மட்டும் சொன்ன நான், அது வலி மாத்திரை அல்ல, ரத்தம் உறையாமல் காப்பது என்று சொல்லியிருக்கவில்லை. கட்டி நுரையீரலை எட்டவில்லை என்பதே எனக்கு ஆறுதல். ஆனால் 12 நாளில் முடிய வேண்டிய சிகிச்சை அவருக்கு மூன்று மாதமாக நீண்டது.

ஆஸ்பிரினே போதும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 90 நாளுக்குள் அறிகுறியுடன் கட்டி வந்தவர்கள் ஆஸ்பிரின் குழுவில் 3.45 சதவீதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசிக் குழுவில் 1.82 சதவீதம். எந்த மருந்து என்பதை மருத்துவர் ரத்தக்கசிவு அபாயத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து முடிவு செய்வார். அது எதுவானாலும், கடைசி நாள் வரை அதைக் கொண்டுசெல்வது வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரின் கையில்தான் இருக்கிறது என்பதை அந்த அம்மாவிடம் கற்றேன்.

அதன்பின் டிஸ்சார்ஜ் நாளில் அந்த ஒருவரைத் தேடி அழைத்து உட்கார வைத்துப் பேசுவேன். மெடிக்கல் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும் என்பதையும், மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்வேன். கம்பத்துக்கோ ராஜபாளையத்துக்கோ போகிறவர்களை வழியில் வண்டியை நிறுத்தி நாலு எட்டு நடக்கச் சொல்வேன். மாத்திரை அட்டையின் பின்புறம் கடைசி நாளின் தேதியைப் பேனாவால் பெரிதாக எழுதி, மாத்திரை எதற்கு, எதுவரை என்பதை அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகே சக்கர நாற்காலியை நகர்த்தச் சொல்வேன்.