ஜீவாமிர்தமும் சொட்டுநீர்க் குழாயும்

தொட்டியம் பக்கத்தில், காவிரிப் படுகையில் உள்ள எங்கள் நிலத்தில் வாய்க்கால் பாசனத்தில் பூவன் வாழை வைத்திருந்தவரை, சாணமும் கோமியமும் ஊறவைத்த ஜீவாமிர்தக் கரைசலைக் கொடுப்பது ஒரு தனி வேலையாகவே தோன்றியதில்லை. மடைவாயில் பீப்பாயை வைத்து அதன் குழாயைச் சற்றே திறந்துவிட்டால், கரைசல் தண்ணீரோடு கலந்து தானாகவே வயல் முழுவதும் பரவிவிடும். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 ஜி9 ரக வாழைக் கன்றுகளை நட்டுச் சொட்டுநீர்க் குழாய் பதித்த பிறகே சிக்கல் தொடங்கியது.

முதல் ஆண்டில் கரைசலை ஒரே மடிப்புத் துணியில் வடித்து வென்ச்சுரி (கரைசலை உறிஞ்சிப் பாசன நீரில் கலக்கும் கருவி) வழியே செலுத்தினேன். சாணத்தின் நாரும் பயறு மாவின் துகளும் நீர் சொட்டும் வாய்களான சொட்டுவான்களை அடைத்துக்கொண்டன. பக்கக் குழாயின் முனைமூடியைக் கழற்றியபோது கொழகொழவென்று ஒரு படலம் வழிந்தது. குற்றம் கரைசலுடையதன்று, என்னுடையதே.

200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்ற அளவை நான் மாற்றவில்லை. சாணத்தைச் சாக்கில் கட்டிப் பீப்பாய்க்குள் தொங்கவிட்டு, இரண்டு நாள் நிழலில் ஊறிய பின் மேல்தெளிவை மட்டும் எடுத்து, காடாத் துணியிலும் பிறகு நைலான் வலையிலுமாக இருமுறை வடிக்கிறேன். முதலில் வெறும் தண்ணீரை விட்டு மண்ணை நனைத்து, அடுத்துக் கரைசலைச் செலுத்தி, முடிவில் 20 நிமிடம் மீண்டும் வெறும் தண்ணீரை ஓட்டிக் குழாயைக் கழுவுகிறேன். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தை எத்தனை முறை வடித்தாலும் அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால், அதை இலைத் தெளிப்போடு நிறுத்திக்கொண்டேன். அதன் வாடைக்கு ஓடிவரும் நாய்களின் தொல்லை தனிக்கதை.

ஜீவாமிர்தத்தை உரமென்று நம்பிவிடக் கூடாது என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். ஓர் ஏக்கருக்குப் போகும் 10 கிலோ சாணத்தில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது? அது உறைமோர், பால் இருந்தால்தான் தயிராகும். வாழை வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள ஓரடி மண்ணிலேயே படர்வதால், அங்கே மக்கும் பொருள் இருக்கும்படி சருகையும் மட்டையையும் மூடாக்காகப் போடுகிறேன். தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) சாம்பல் சத்தையே (பொட்டாசியம்) வாழை மிகுதியாக எடுக்கிறது; அதில் கணிசமான பங்கு தார் வெட்டிய மரத்திலேயே தங்கியிருக்க, அந்த மரத்தைப் பல ஆண்டுகளாக வரப்போரம் எறிந்துகொண்டிருந்தேன். இப்போது சிறு துண்டுகளாக நறுக்கி, வெட்டிய மரத்தின் அடியிலிருந்து வளரும் அடுத்த பயிரான மறுதாம்பின் இடைவெளியிலேயே பரப்புகிறேன். தண்டுக்கூன்வண்டு என்ற பூச்சி துளைத்த மரத்தை மட்டும் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுகிறேன்.