பரவாயில்லம்மா, நீ செய்யி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் ஹைஜீனிஸ்டாக இருக்கிறேன். பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை எல்லாம் டாக்டர் வேலை. பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுப்பது, பாலிஷ் செய்வது, எப்படித் துலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. 1948-ஆம் வருடப் பல் மருத்துவர்கள் சட்டமும் ஹைஜீனிஸ்டின் வேலையை ஏறக்குறைய இப்படித்தான் சொல்லியிருக்கிறது. மரத்துப்போகிற ஊசி அதில் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஹைஜீனிஸ்டே அந்த ஊசியைப் போடலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 1971-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இங்கே நான் பார்த்துச் சொன்னால் டாக்டர் வந்து போடுவார். ஊசிதான் நம் கையில் இல்லையே, அதை எதற்கு இவ்வளவு படிக்க வேண்டும் என்று ஹாஸ்டலில் பேசிக்கொள்வோம். வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது, யாருக்கு ஊசி தேவை என்று முதலில் தெரியவேண்டிய ஆளே நான்தான்.

அதைத் தெரிந்துகொள்வது இந்தப் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. வலங்கைமான், பாபநாசம் பக்கமிருந்து வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் வெற்றிலை போடுகிறவர்கள். சுண்ணாம்பும் சீவலும் புகையிலையும் சேர்ந்து, பல்லின் உள்பக்கம் கறுப்பாகக் காரை இறுகியிருக்கும். ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும். காரை எடுக்கும் மெஷினான ஸ்கேலரின் முனையை வைத்ததுமே உயிர் போகும். ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். “வலிக்குதா ஐயா?” என்றால், “பரவாயில்லம்மா, நீ செய்யி” என்பார்கள். வயலில் எத்தனையோ தாங்கியவர்களுக்குப் பல் வலியைச் சொல்லவே கூச்சம். அதுவும் மகள் வயதுப் பெண்ணிடம்.

அதனால் வாயைப் பார்க்கிற நேரத்திலேயே காலையும் பார்க்கப் பழகினேன். கட்டைவிரல் மடங்குகிறதா, சேரின் கைப்பிடியை இறுக்குகிறார்களா, மூச்சை அடக்குகிறார்களா, முந்தானையைச் சுருட்டுகிறார்களா என்று கவனிப்பேன். எங்கள் டாக்டர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்: “வலிக்குதான்னு கேக்காதம்மா. கூசுதா, குத்துதான்னு கேளு.” அப்படிக் கேட்டால் பதில் வருகிறது. கூசுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்கேலரிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் வேரில் படுகிறது. ஸ்கேலரின் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தில் மட்டும் கைக்கருவியால் எடுத்தாலே பாதி சரியாகிவிடும். குத்துகிறது என்றால் ஈறு. பஞ்சால் ஈறை நன்றாகத் துடைத்துவிட்டு மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் தடவி, ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். துடைக்காமல் தடவினால் எச்சிலே மருந்தைக் கொண்டுபோய்விடும். எப்படியிருந்தாலும் ஜெல் மேல்தோலைத்தான் மரக்கச் செய்யும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

அவர் ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் புத்தகத்தில் படித்தது மண்டையில் ஏறியது. மேல்தாடை எலும்பு சல்லடைபோல இருப்பதால் பல்லுக்குப் பக்கத்திலேயே மருந்தை விட்டால் உள்ளே இறங்கிவிடும். கீழ்க் கடைவாயில் எலும்பு தடிமன். அதனால் தாடையின் பின்பக்கம் போய், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும். சீழ் பிடித்து வீங்கிய ஈறில் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அதனால் நரம்புக்குள் நுழையக்கூடிய நிலையில் இருக்கும் மருந்தின் அளவு குறைந்துவிடும். ‘ஊசி போட்டும் வலிக்குதுன்னு பொய் சொல்றாங்க’ என்று சில இடங்களில் பேசிக் கேட்டிருக்கிறேன். பொய் இல்லை, ரசாயனம்!

இங்கே ஊசி மருந்தாக வழக்கமாக வருவது 2 சதவீத லிக்னோகெயின், கூடவே 80,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின். லிக்னோகெயின் தனியாகப் போனால் ரத்தக்குழாயை விரித்துக்கொண்டு சீக்கிரம் ஓடிவிடும். அட்ரினலின் குழாயைச் சுருக்கி அதை அங்கேயே நிறுத்துகிறது, ரத்தக்கசிவும் குறைகிறது. அதே அட்ரினலின்தான் சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதனால் பிரஷர், இதய மாத்திரை பற்றிக் கேட்டு எழுதிவைப்பது என் பொறுப்பு. “சாப்பிட்டீங்களா?” என்பதும் கட்டாயக் கேள்வி. வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருப்பார்கள். ஊசியைக் கண்டதும் மயங்குவது இவர்களில்தான் அதிகம். சேரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது.

எனக்கும் நோயாளிகளுக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மரக்க வைத்தால் நாக்கு முழுக்கச் செத்துவிடும், விழுங்கவே பயமாக இருக்கும். ஒரு பக்கம் இன்று, மறுபக்கம் அடுத்த வாரம் என்பதுதான் முறை. நடவு நேரத்தில் இதைச் சொன்னால், “ஒரு நாள் கூலி யார் தருவா?” என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வராதவர்களுக்குப் போன் போடுகிறேன். சிலர் அறுவடை முடிந்துதான் வருகிறார்கள், அதற்குள் காரை மறுபடி ஏறியிருக்கும்.

ஊசி போட்டு அனுப்பும்போது எல்லோருக்கும் சொல்வது, சூடாகக் குடிக்காதீர்கள், மரப்பு போகும்வரை கடித்துச் சாப்பிடாதீர்கள் என்பது. இதற்குத் தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “அப்ப வெத்தல எப்பம்மா போடலாம்?” என்று கேட்பார். போடவே வேண்டாம் என்றால் நடக்காது. மரத்த கன்னத்தில் சுண்ணாம்பு பட்டு வெந்தால்கூடத் தெரியாது ஐயா, ராத்திரி சாப்பாடு வரைக்குமாவது பொறுங்கள் என்பேன். இந்தக் காரணத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். புற்றுநோய் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.