மெஷினை விட்டு எழுந்த பிறகு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் வேலை பெரும்பாலும் லைனில், அதாவது ஒரு டி-ஷர்ட்டை ஆளுக்கொரு வேலையாகத் தைக்கும் மெஷின் வரிசையில், நன்றாகத் தைப்பவருக்குத்தான் போகிறது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. எங்காவது பீஸ் தேங்கினால் புது சூப்பர்வைசர் அந்த டைலரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து தைப்பார். அங்கே தேக்கம் தீரும். அதற்குள் வேறு இரண்டு மெஷினில் பண்டில் (தைக்க வேண்டிய துணிக்கட்டு) வராமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் அவர் பழக வேண்டியது ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு ஆபரேஷனிலும், அதாவது ஒவ்வொரு தையல் வேலையிலும், ஐந்து பீஸுக்கு நேரம் பார்த்துச் சராசரி எழுத வேண்டும். டி-ஷர்ட்டுக்கு மொத்தத் தையல் 8 நிமிடம், லைனில் 30 பேர், திறன் 60 சதவீதம் என்றால் மணிக்கு 135 பீஸ் வர வேண்டும். கை ஏற்ற, அதாவது கைத்துணியை உடலோடு தைக்க, 40 நொடி ஆகிறதா? அந்த மெஷினில் 90 தான் வரும். தோள் இணைப்பில் 150 ஓடினாலும் லைன் 90ஐத் தாண்டாது. கை ஏற்ற இன்னொரு ஓவர்லாக் மெஷின் போட்டால் தீரும். சத்தம் போட்டால் தீராது. கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றி வரும் பட்டியை) ஒரு பக்கம் அதிகமாக இழுத்துத் தைத்தால் கழுத்து அலையாக நிற்கும். "அக்கா, தோள் மார்க்கில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. அதே பண்டிலைத் தானே தைத்துக் கொடுப்பது இல்லை.

ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனதும் ஆறேழு லைனைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் வந்தது என்று எழுதும் போர்டுதான் கண். பழக்க தோஷத்தில் நேரே டைலரிடம் போய்க் கேட்டால், நடுவில் இருக்கும் சூப்பர்வைசரை யாரும் மதிக்க மாட்டார்கள். போர்டில் எண்ணிக்கை குறைந்ததும் திட்டுகிறவராக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: ஆல்டர் பீஸ்கள் (தையல் தவறிப்போய்த் திருத்த வேண்டியவை) டேபிளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் மொத்தமாக வெளியே வரும். குறை சொல்ல வந்தவரிடம் முதலில் "எத்தனை பீஸ், எந்த ஆபரேஷன்?" என்று மட்டும் கேட்பவரிடம்தான் உண்மை வந்து சேரும்.

புரொடக்‌ஷன் மேனேஜரின் தவறு உடனே தெரியாது என்பதே அந்த இடத்தின் பெரிய ஆபத்து. பின்னல் துணி ரோலில் இழுபட்டே இருக்கும். வெட்டுவதற்காக விரிப்பதற்கு முன் பிரித்துப் போட்டு, அந்த இழுப்பு தளர வழக்கமாக ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். லைக்ரா (இழுபடும் நூல்) கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. தேதி நெருக்குகிறது என்று அவர் "இன்னிக்கே வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டால், வெட்டிய பாகம் பிறகு சுருங்கும். பல நாள் கழித்துச் செக்கிங் டேபிளில் டேப் வைக்கும்போது நீளம் ஒரு சென்டிமீட்டர் குறையும். திட்டு வாங்குவது பாட்டம் (கீழ் ஓரம்) மடித்த டைலர்.

அந்த நேரத்தில் லைனுக்குப் போகாமல் கட்டிங் ரிஜிஸ்டரை எடுத்து, ரோல் பிரித்த தேதியையும் வெட்டிய தேதியையும் பார்த்து, வெட்டச் சொன்னது தான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிற மேனேஜரின் ஃப்ளோரில், அடுத்த ஆர்டருக்குக் கட்டிங் மாஸ்டர் தைரியமாகச் சொல்வார்: "துணி இன்னும் ஆறலைங்க, நாளைக்கு வெட்டலாம்."